துபாய்க்கு எடுத்து வைத்த மாத்திரைகள்

அந்த வருஷங்களில் எங்கள் தெருவிலிருந்து யார் வெளிநாடு போனாலும் பெட்டியில் மூன்று சாமான்கள் கட்டாயம் இருக்கும்: நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி, யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த மாத்திரை. அங்கே டாக்டரைப் பார்ப்பது பெரும்பாடு என்று எவரோ சொல்லிவிட்டார்களாம். அதனால் தெருவில் எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்தில் பாதி அவனுக்கு, பாதி வளைகுடாவுக்கு.

எனக்குத் துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருந்தது. சென்னையில் மெடிக்கல் பரிசோதனை மட்டும் பாக்கி. அதற்கு இரண்டு வாரம் இருக்கையில் தொண்டை வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் படுத்துவிட்டேன். மயிலாடுதுறை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முன்பு எந்த மருந்துக்காவது தடிப்பு, அரிப்பு வந்ததுண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் சீட்டு எழுதினார்.

“பத்து நாள் கோர்ஸ். சரியாப் போச்சுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க” என்றார்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை.

நாலாம் நாளே இட்லி சுகமாக இறங்கியது. என்னை வளர்த்த அக்கா, மீதி மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அதான் நல்லாயிட்டியே, அப்புறம் என்னத்துக்கு உடம்ப சூடாக்கிக்கிற? துபாய்ல தொண்ட கட்டுச்சுன்னா இதப் போட்டுக்க.”

“டாக்டர் பத்து நாள்னாரேக்கா.”

“அவரு சொல்வாரு. அவரா துபாய் போறாரு?”

நானே பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, விதைநெல் மாதிரி பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அக்கா என் பயணத்துக்காக விசேஷ ஜெபம் செய்யச் சொன்னாள். போதகரும் உருக்கமாகத்தான் ஜெபித்தார். மருந்து விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மெடிக்கலுக்குச் சென்னையில் போய் இறங்கிய காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. தொண்டை முன்னைவிட மோசம். வரிசையில் நின்ற என்னைத் தொட்டுப் பார்த்த நர்ஸ், ஓரமாக உட்காரவைத்தார். வேலை பிடித்துக் கொடுத்து, கூடவே வந்திருந்த ஏஜெண்ட் சலித்துக்கொள்ளக்கூட இல்லை.

“கம்பெனி காத்திருக்காது தம்பி. வேற ஆள் இருக்கு.”

ஊர் வரும்வரை பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டர் திட்டவில்லை. “மீதி மாத்திரை எங்க?” என்று மட்டும் கேட்டார்.

“பெட்டியில இருக்குங்க. துபாய்க்கு.”

பழையதை நானும் தொடக்கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று சொல்லி, புதிதாகப் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார்.

இந்த முறை அக்கா கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மாத்திரை தந்தாள். ஒரு வேளை தவறவில்லை. பத்தாம் நாள், என் இடத்துக்குத் தேர்வான பக்கத்துத் தெருக்காரனை ஏற்றிக்கொண்டு கார் எங்கள் வாசலைத் தாண்டித் திருச்சி விமான நிலையத்துக்குப் போனது. அக்கா தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி, “என்னாலதான்டா” என்றாள்.

கடைசி மாத்திரையை விழுங்கினேன். நானும்தானே அக்கா என்று சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.