நாற்றமில்லாத இடம்

வைத்திக்குப்பத்து மீன்காரிகளுக்கு என்னைப் பிடிக்காது. செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு விடமாட்டேன், மோந்தும் பார்ப்பேன். "மூக்காயி வந்துட்டா, நேத்து மீன உள்ள தள்ளுடி" என்று ஒருத்தி சொன்னதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எனக்குப் பெருமைதான். பால் திரியப்போவது அடுப்பில் வைக்கும் முன்பே தெரிந்துவிடும். யார் வீட்டு வாசலில் நின்றாலும், அந்த வீட்டுக் கழிவறையைக் கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். அந்த மூக்கை நம்பித்தான் என் நாத்தனார் செல்வாம்பாளை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன்.

செல்வாம்பாள் என் வீட்டுக்காரர் கலியபெருமாளுக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பத்தொன்பது வயதில் மில்லில் ரீலிங் பிரிவில் சேர்ந்தவர். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் வேலை. கல்யாணமான ஏழாம் மாதம் புருஷன் வேறொருத்தியோடு காரைக்காலுக்குப் போய்விட்டான். அண்ணி தாலியைக் கழற்றி அம்மன் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, அன்றைக்கே இரண்டாவது ஷிப்டுக்குப் போனார். "அழுவலியா அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன். "அழுதா ஷிப்டு போயிடும்டி" என்றார்.

ரீலிங்கில் பஞ்சு பறக்கும், தொண்டை வறளும். சங்கு ஊதியதும் அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரே மூச்சில் குடிப்பாராம். கூட இருக்கிற பெண்கள் கை தட்டுவார்களாம். இருபத்தைந்து வருஷம் முடித்தபோது அவர்களே சேர்ந்து ஒரு எவர்சில்வர் சொம்பு வாங்கி, பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். மில்லை மூடினார்கள். அண்ணி கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனார். சொம்பும் கூடவே போனது. எங்களோடுதான் இருந்தார்; முப்பது வருஷம் அவர் தண்ணீர் குடிக்கிற மடக்கு மடக்கு சத்தத்தில்தான் நான் கண் விழித்தேன்.

எங்களுக்குள் ஒத்துப்போனது என்று பொய் சொல்ல மாட்டேன். "கொழம்புல எதுக்குடி கடல் தண்ணிய கொண்டாந்து கொட்டியிருக்கே?" என்பார். "வாய்ல வெத்தலைய துப்பிட்டு சாப்புடுங்க, ருசி தெரியும்" என்பேன். மில்லில் பிடித்த வெற்றிலைப் பழக்கம் அவருக்கு. ஒருநாள் சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போனது. புரை ஏறும் என்று டாக்டர் வெற்றிலையை நிறுத்திவிட்டார். அண்ணாந்து குடிக்கவும் முடியாது. குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையைத் தேடி எடுத்தேன். சொம்பிலிருந்து மொண்டு மொண்டு வாயில் விடுவேன். சொம்பு தீர முக்கால் மணி ஆகும். அடுத்த முக்கால் மணியில் துணி நனைந்துவிடும்.

"வயித்துல இன்னா ஊசுட்டேரியா வெச்சிருக்கீங்க? ஊத்துறதும் நானு, தொடைக்கிறதும் நானு."

அண்ணிக்கு ஒரு பக்கத்து வாய் மட்டும் சிரிக்கும்.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். குடம்கூடத் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டுக்காரர் விடிந்தால் லோடு ஆட்டோவோடு போய்விடுவார். தையலைப் பிடித்துக்கொண்டு இல்லம் தேடக் கிளம்பினேன்.

முதலில் பார்த்த இடத்தில் கேட்டைத் தாண்டும்போதே மூத்திர வாடை. கொல்லை முழுக்கக் கொடி கட்டி, ஈரப் போர்வைகள் தொங்கின. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் தண்ணீர் பாட்டில். ஒரு பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே வேலைக்காரப் பெண் அவரோடு வம்பிழுத்துக்கொண்டிருந்தாள். அவர் கஞ்சி வாயோடு சிரித்தார். எல்லாவற்றையும் கண் பார்த்தது. மூக்கு விடவில்லை. "ச்சீ, வாங்க போலாம்" என்று வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது பிள்ளைச்சாவடி போகும் வழியில் இருந்தது. பெயர் வேண்டாம். வெள்ளைத் தரை முகம் பார்க்கலாம் போலிருந்தது. முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றார்கள். கொல்லைக் கொடியில் ஒரு துணிகூட இல்லை. நிர்வாகம் பார்க்கிற செந்தமிழ்ச்செல்வி காட்டன் புடவை மடிப்புக் கலையாமல் கூடவே வந்தாள்.

"மூத்தர வாடை வராதே?" என்று கேட்டேன்.

"எங்ககிட்ட அந்தப் பேச்சே கெடையாதும்மா. நீங்களே மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து, மெத்தையைத் தடவியும் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தது. "இவங்கதான் சரியான ஆளுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வைகாசியில் அண்ணியைச் சேர்த்தோம். சொம்பையும் பாலாடையையும் நானே அவர் கட்டில் பக்கத்து அலமாரியில் வைத்தேன்.

பார்க்க விடுவது ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை. முதல் ஞாயிறே அண்ணி என்னைப் பார்த்ததும் இடது கை விரல்களைக் குவித்து உதட்டில் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார்.

"வெத்தலையா? இந்த நெலமையிலும் அந்த நெனப்பா? டாக்டர் என்னைய தான் ஒதைப்பாரு."

அறையைப் பார்த்துக்கொள்கிற தனக்கொடி சிரித்தாள். அண்ணி இடது கையால் கட்டிலைப் படார் படாரென்று அடித்தார். கோபம் குறையவில்லை, நல்லாத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தண்ணி குடிச்சாங்களா?"

"இப்பத்தாங்க்கா குடுத்தேன்."

அலமாரியில் சொம்பு புதுசுபோல மின்னியது. பரவாயில்லை, பாத்திரம்கூடத் துலக்குகிறார்கள்.

ஆனி முடிவதற்குள் அண்ணியின் உதடு வெடித்துவிட்டது. காற்றுக் காலம் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். கன்னம் ஒட்டியிருந்தது. வயசாகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் விரல் உதட்டுக்குப் போகும், நான் "வெத்தல கெடையாது" என்பேன். பிறகு குனிந்து மெத்தையை மோப்பம் பிடித்துவிட்டு, திருப்தியாக பஸ் ஏறுவேன்.

ஆடி ஐந்தாம் வெள்ளி வீராம்பட்டினத்தில் தேர். பக்கவாதம் வரும்வரை அண்ணி ஒரு வருஷம்கூட விடாமல் போனவர். அவர் நெற்றியில் குங்குமம் வைத்துவிடலாம் என்று, தேர் பார்த்த கையோடு பஸ் மாறி இல்லத்துக்குப் போனேன். மணி நாலரை இருக்கும்.

"ஞாயித்துக்கெழம தான்மா உடுவோம்" என்றார் வாட்ச்மேன்.

"அம்மன் ஞாயித்துக்கெழம தான் தேர் ஏறுவேன்னு சொன்னாளா? தள்ளுய்யா" என்று உள்ளே போய்விட்டேன்.

அண்ணிக்குப் பக்கத்துக் கட்டிலில் கமலவேணி என்று ஒருவர். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து செத்தவர். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிற பெருமையில் யாரோடும் அவ்வளவாகப் பேசமாட்டார். நான் ஒயர் கூடையைக் கீழே வைத்தேன். அந்த அம்மாள் சட்டென்று எட்டி, கூடையிலிருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைப் பல்லால் திருகித் திறந்து, மார்பெல்லாம் வழிய, பாதி பாட்டிலைக் குடித்தார். குடித்துவிட்டு என் கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். கண் பாட்டிலின் மேல் இருந்தது. விரல்கள் குவிந்து உதட்டைத் தட்டிக்கொண்டிருந்தன.

சொம்பை எடுத்தேன். உள்ளே பாலாடை, நான் வைத்தபடியே. தூசி படிந்திருந்தது. பாட்டில் மூடியிலேயே தண்ணீரை ஊற்றி அண்ணியின் உதட்டில் வைத்தேன். மூடியையே கடித்துவிடுவதுபோல் உறிஞ்சினார்.

தனக்கொடி ஓடி வந்தாள். "யக்கா, இப்ப குடுக்காதீங்க!"

"ஏன்?"

"காலைல காப்பி, ஒரு டம்ளர் தண்ணி. மத்தியானம் சோத்தோட அரை டம்ளர். அதுக்கு மேல யாருக்கும் கெடையாதுக்கா. ராத்திரிக்கு நாங்க ரெண்டே பேரு, முப்பத்தெட்டு பேருக்கு. எத்தினி துணிய மாத்துறது?"

"அதுக்கு? தண்ணி குடுக்காம காய வெப்பீங்களாடி? கருவாடா போடுறீங்க?"

அவள் அழுதுவிட்டாள். ஆனால் பதில் சொன்னாள். "நான் இன்னாக்கா பண்ணுவேன்? பாக்க வர்றவங்க எல்லாம் ஒண்ணு தான் கேக்குறீங்க, நாத்தம் வருமா, நாத்தம் வருமான்னு. நீங்களுந்தான் மெத்தைய மோந்து பாத்தீங்க. சேக்குறப்ப சாப்பாடு இன்னா, தண்ணி எத்தினி குடுப்பீங்கன்னு ஒருத்தர் கேட்டதில்ல."

மூடியில் மறுபடியும் தண்ணீர் ஊற்றி அண்ணியின் உதட்டில் வைத்தேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். லோடு ஆட்டோவில் மெத்தை போட்டு அன்றைக்கே அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செந்தமிழ்ச்செல்வி கேட் வரை வந்து, "வயசானவங்களுக்கு தாகமே எடுக்காதும்மா" என்றாள். அவளைத் திட்டியதை எழுத முடியாது.

கிட்னி கெட்டுவிட்டது என்றார்கள். ஆறு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதற்குள் சமூகநலத் துறையில் புகார் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்து இரண்டு பேர் போய் இல்லத்தைப் பார்த்தார்களாம். தரை சுத்தம், படுக்கை சுத்தம், துர்நாற்றம் இல்லை என்று எழுதிவிட்டு வந்தார்களாம். அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. கமலவேணி இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் மகனுக்குப் பாரிசுக்கே போன் போட்டுச் சொன்னேன். "நான் வந்தப்ப நல்லா க்ளீனா இருந்துச்சே மேடம்" என்றான்.

ஏழாம் நாள், அண்ணியை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார் டாக்டர். "கேட்டதைக் குடுங்க" என்றார். சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து, தையல் பிரிந்தால் பிரியட்டும் என்று அண்ணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பாலாடையால் புகட்டினேன். இரண்டு மூன்று முழுங்குவார், அப்புறம் வழிந்துவிடும். மணிக்கொருதரம் துணியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்தே இருந்தது. மூத்திர வாடை வராதா வராதா என்று இந்த மூக்கு நாலு நாள் கிடந்து தவித்தது. வரவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தெருவே கூடியது. ஆளுக்கொரு பாலாடைப் பால் வாயில் விட்டார்கள். வீட்டுக்காரர் விட்டார். என் முறை வந்தபோது சொம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டேன்.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி கையைப் பிடித்தாள். "பால ஊத்துடி. போற உசுருக்குத் தண்ணியா ஊத்துவ?"

"மூணு மாசமா இதத்தான் கேட்டாங்க ஆதிலட்சுமி. நான் தான் வெத்தலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஊற்றினேன். ஒரு மடக்கு உள்ளே போனது, தொண்டையில் தெரிந்தது. மீதி கடைவாயில் வழிந்து, கழுத்தில் இறங்கி, தலையணையும் போர்வையும் நனைந்தன. யாரோ துடைக்கத் துண்டை நீட்டினார்கள். வேண்டாம், நனையட்டும் என்றேன்.