சேவ் ஆகாத சேவல்

திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்ததும் மற்றவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொள்வார்கள். நாஸியாவும் எழுந்துகொள்வார், வீட்டுக்குப் போக அல்ல. அடுத்த அறைக்குப் போய் வேறொரு கணினியில் உட்கார்ந்து, சர்வரிலிருந்து அதே கோப்பைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை நகர்த்திப் பார்ப்பார். கடைசிக் கட்டம்வரை படம் இருந்தால்தான் வாயிலிருந்து ஒரு ‘ம்’ வரும்.

இளம்பிள்ளையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் பன்னிரண்டு கடைகளுக்குக் கணினி வைத்தியம் பார்ப்பவர் அவர். வீடு சேலம் கோட்டைப் பக்கம். திங்களும் வியாழனும் ஒன்பதரை பஸ்ஸில் வந்து இறங்குவார். தோள்பையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், இரண்டு கேபிள், ஒரு டப்பா வறுகடலை. கேபிளை யார் கேட்டாலும் கொடுப்பார். கடலையைக் கொடுக்கமாட்டார்.

‘ஆயிடுச்சு’ என்ற சொல் அவருக்கு ஆகாது. கணவர் முகம்மது ஹனீப் கேஸை மூடியாச்சு என்று சொன்னால்கூட, “பாத்தீங்களா, நெனைச்சீங்களா?” என்று கேட்பார். பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹனீப், தன் இருபது வருடக் குடித்தனத்தில் பாதி, வாசலிலிருந்து அடுப்படிக்குத் திரும்பிப் போனதிலேயே கழிந்துவிட்டதாகக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குணம் முன்பும் கொஞ்சம் இருந்ததுதான். முற்றியது போன ஆவணியில், கதிர்வேலின் கடையில்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் செங்கோட்டையன், மகள் கல்யாணத்துக்குச் சேலை சொல்ல வந்தார். முந்தானைக்கு மயில் போட்டுவிடலாமா என்று கதிர்வேல் கேட்டார். “மயிலு எனக்கு என்னங்க பண்ணுச்சு? சோறு போட்டது கோழிதானுங்க” என்றார் செங்கோட்டையன். ஆகவே சேவல் என்று முடிவாயிற்று. நிமிர்ந்த கொண்டை, தொங்கு தாடை, வாலில் மட்டும் ஏழு நிறம். டிசைனர் மைதிலி பதினோரு நாள் கட்டம் கட்டமாக அதை வரைந்தாள். பதினோராம் நாள் மாலை பழைய கோப்பின் மேலேயே சேவ் கொடுத்தாள். பச்சை எழுத்து வந்தது. கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் தறியில் ஏற்றினார்கள். கொண்டை வந்தது, அலகு வந்தது, கழுத்தும் வந்தது. நெஞ்சோடு சேவல் நின்றுபோயிற்று. அதற்குக் கீழே வெறும் பட்டு. தறிக்காரர் ஆண்டி, வந்த டிசைனை அப்படியே நெய்கிறவர். இரண்டு நாளில் முந்தானையை முழுசாக முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து வந்த செங்கோட்டையன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, “காலில்லாத கோழிய எங்க பண்ணையிலயே வெக்க மாட்டோமுங்க” என்று மடித்து வைத்தார்.

தப்பு யாருடையது என்பது கதிர்வேலுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. மைதிலி சேவ் கொடுக்கவில்லை. கொடுத்தேன், பச்சையில் வந்தது என்று அவள் அழுதாள். அடுத்த திங்களிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வியாழன். நாஸியா வந்தார். யாரையும் விசாரிக்கவில்லை. மைதிலியின் கணினியில், நடப்பதையெல்லாம் கணினி தன் பாட்டுக்கு எழுதிவைக்கிற, வாங்கிய நாளிலிருந்து எவரும் திறந்து பார்க்காத பதிவுக் கோப்பைத் திறந்தார். அவள் சேவ் கொடுத்த மாலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு வரி: சர்வரில் இடமில்லை.

நடந்தது இதுதான். கணினி சேவலை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சர்வருக்குப் போய்ச் சேரும் முன்பே ஆயிற்று என்று தலையாட்டிவிட்டது. வேலை வேகமாக நடக்கவேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு அது. பிறகு சாவகாசமாக அனுப்பியபோது, பாதிச் சேவல் போனதும் சர்வர் நிரம்பிவிட்டது. மிச்சத்தை வாங்கமாட்டேன் என்றது. அந்தச் சேதி திரும்பி வந்தபோது கேட்டுக்கொள்ள ஆளில்லை. பச்சை எழுத்து எப்போதோ வந்து போயிருந்தது. கணினி, கையிலிருந்த மீதிச் சேவலையும் கீழே போட்டுவிட்டு, ஒரு வரி எழுதிவைத்துக் கடமையை முடித்துக்கொண்டது.

நாஸியா வரிசையாகப் போன் போட்டார். டிசைன் மென்பொருள்காரர்கள், கணினியிடம் ஒப்படைத்துவிட்டோம், பச்சைக்கு அதுதான் அர்த்தம் என்றார்கள். கணினி விற்றவர், அது சர்வருக்கு அனுப்பத்தானே செய்தது என்றார். சர்வர் வைத்தவர், முடியாது என்று ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறதே என்றார். மூன்று பேரும் யோக்கியர்கள். சேவலுக்கு மட்டும் காலில்லை.

சர்வரை நிரப்பியது எது என்று கடைசியாகத் திறந்து காட்டினார். கதிர்வேலின் மகள் கனிஷ்காவின் காதுகுத்து வீடியோ. நான்கு கேமரா, ஒரு ட்ரோன். அதே மாலை கதிர்வேலே தன் கையால் ஏற்றியிருந்தார். திரையில் மகளின் காதையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள சேவ் குடுத்திருக்குதுங்கண்ணா,” என்றார் நாஸியா. “பொய் சொன்னது மெஷினு.”

திங்கட்கிழமை மைதிலி வந்தாள். மன்னிப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. டீயும் பஜ்ஜியும் வரவழைக்கப்பட்டன. ஆறே நாளில் மறுபடி வரைந்து முடித்தாள். இரண்டாவது சேவலின் கண்ணில் சற்றுக் கோபம் ஏறியிருந்தது. செங்கோட்டையனுக்கு அதுதான் பிடித்தது.

நாஸியா தன் பங்குக்கு ஒரு காவல் போட்டார். இப்போது சேவ் கொடுத்தால், சர்வர் தன் வட்டில் எழுதியாயிற்று என்று சொல்லும்வரை பச்சை வராது. எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்ட பிறகே பழைய கோப்பு விலகும். எங்காவது தவறினால் திரை சிவக்கும், வரைந்தது முழுசாக மைதிலியின் கணினியிலேயே காத்திருக்கும். இத்தனைக்கும் சேர்த்து நாற்பது நொடி ஆகும்.

மைதிலியின் பதினோரு நாள் போனபோது பதறாத கதிர்வேலுக்கு இந்த நாற்பது நொடி பெரிய உபத்திரவமாக இருக்கிறது. போன வியாழனன்று பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்க மேடம், முன்னெல்லாம் டக்குனு ஆயிருமுங்க. இதைய எடுத்துட முடியாதுங்களா?”

முடியும் என்றார் நாஸியா. அந்தக் காவலை நிறுத்தும் திரையைத் திறந்து, அம்புக்குறியைச் சரியான பொத்தானின்மேல் நிறுத்தினார். பிறகு எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கதிர்வேல் உட்கார்ந்தார். மௌஸைக் கையில் எடுத்தார். தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதைப் புரட்டிப் பார்த்து, வேட்டி நுனியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.