உப்பு தெரியாத நாக்கு

பொங்கோல் கடலோரத்தில் இருந்த சோதனைக் கூடத்தில் அவரோடு ஓராண்டு வேலை பார்த்தேன். மின்சாரத்தைச் சேமிக்கும்போதே கடல்நீரிலிருந்து உப்பையும் பிரித்தெடுக்கும் பேட்டரி எங்களுடையது. அதைக் கவனித்துக்கொண்ட ஆபரேட்டர் அவர். ஒல்லியான உடம்பு, அபூர்வமாகவே இமைக்கும் கண்கள். ஏதோ ஒரு காய்ச்சலில் நாக்குக்கு ருசி தெரியாமல் போய்விட்டதாம். ஆனாலும் பேட்டரியிலிருந்து வரும் தண்ணீரைத் தினமும் ஒரு வாய் வைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் காலை, வரவிருந்த விருந்தினர்கள் குடித்துப் பார்க்க அந்தத் தண்ணீரை டம்ளர்களில் ஊற்றி வைத்தேன். அவர் ஒரு வாய் வைத்தார். உடனே துப்பிவிட்டு, எல்லா டம்ளர்களையும் தரையில் கவிழ்த்தார்.

"என்ன அண்ணே இது? மீட்டர் ஓகேன்னுதானே காட்டுது!"

"மீட்டர் உப்பைத்தான் பார்க்கும் லா. இதை யாரும் குடிக்கக் கூடாது."

மிச்சமிருந்த தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன்; மறுநாள் முடிவு வந்தது. பேட்டரித் தகட்டின் உலோகம் தண்ணீரில் கரைந்திருந்தது. படித்ததும் அந்தத் தாளோடு அவரிடம் ஓடினேன்.

"ருசியே தெரியாதுன்னீங்களே, எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"தெரியல தம்பி. வாயில வச்சதும் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பயந்து துப்பிட்டேன்."

அவர் துப்பிய அந்த நேரத்தில் கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

இன்றும் முதல் வாய்த் தண்ணீரை உடனே விழுங்காமல் சற்றுக் காத்திருக்கிறேன். எனக்கு எந்தக் குரலும் கேட்டதில்லை.