சரோஜினி நகரில் சர்க்கரை இல்லாத காபி

ஞாயிறு காலை புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்கினேன். ஆர்.கே.புரம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். முந்நூறு கேட்ட ஆட்டோக்காரர் இருநூற்றைம்பதுக்கு இறங்கி வந்தார். அரசுக் குடியிருப்பின் முதல் மாடியில் கல்லூரித் தோழி வசந்தியின் வீடு. பையை வைக்கக்கூட விடவில்லை. "ஜல்தி குளிச்சிட்டு வாடி, கிளாஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

வகுப்பு அவள் வீட்டுக் கூடத்தில்தான். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே வீட்டு வேலை செய்யும் ஆறு பெண்கள். அன்றைய பாடம், ஹோட்டலில் ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டு வாங்குவது. சர்வராக நடிக்க எல்லாரும் முந்தினார்கள். உட்கார்ந்து கேட்கும் ஆளாக நடிக்கத்தான் யாரும் வரவில்லை. கடைசியில் செல்வியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சர்வர் வந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருடி, நீதான் கஸ்டமரு!" ஒரே சிரிப்பு.

செல்வி சிரிக்கவில்லை. அவள் மகள் குர்காவ்னில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அலுவலக நண்பர்களுக்கு ஹோட்டலில் விருந்து, அம்மாவும் வர வேண்டுமாம். "'நீ வாயே தொறக்காதம்மா, உனக்கும் நானே சொல்லிக்கிறேன்'னு சொல்லுதுக்கா" என்றாள் என்னிடம். "அன்னிக்கு ஒரு நாளாவது எனக்கு வேணுங்கறத நானே கேக்கணும்."

பிறகு வசந்தியிடம் திரும்பினாள். "ஆனா டீச்சர், காசு குடுத்துதானே சாப்புடறோம். ப்ளீஸ் ப்ளீஸ்னு எதுக்குக் கெஞ்சணும்?"

"உங்க மேடம் உங்ககிட்ட என்னிக்காவது ப்ளீஸ் சொல்லியிருக்காங்களா?"

"இல்ல."

"சொன்னா எப்படி இருக்கும்?"

செல்வி சற்று யோசித்து, "அச்சா..." என்று இழுத்தாள். செல்வி கேட்டதும் நல்ல கேள்விதான். நம் ஊரில் 'குடுங்க' என்றாலே மரியாதை வந்துவிடுகிறது. தனியாக ஒரு சொல் தேவைப்படுவதில்லை.

மதியம் சரோஜினி நகர் சந்தை ஓரத்தில் ஒரு சிறிய உணவகத்தில் பரீட்சை. வெளியே நூறு ரூபாய்ச் சட்டைக்குக் கூவிக்கொண்டிருந்தார்கள். சர்வர் இந்தியில் கேட்டார், செல்வி அசரவில்லை. "குட் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்? நோ ஷுகர்." அவளுக்குச் சர்க்கரை வியாதி. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

தொண்ணூறு ரூபாய்க் காபி வந்தது. ஒரு வாய் குடித்தவள் முகம் மாறியது. சர்க்கரை போட்டிருந்தார்கள்.

"பரவால்லக்கா, வந்தது வந்துடுச்சி" என்று மறுபடி கோப்பையை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, சர்வரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். மேசைக்கு அடியில் வசந்தி என் காலை மிதித்தாள்.

செல்வி கோப்பையைக் கீழே வைத்தாள். "பையா..." என்று இந்தியில் அண்ணனைக் கூப்பிடுவதுபோலத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். "எக்ஸ்க்யூஸ் மீ. குட் யூ சேஞ்ச் திஸ், ப்ளீஸ்? நோ ஷுகர்."

"சாரி மேம்" என்று சர்வர் கோப்பையை எடுத்துப்போனார். யாரை மேம் என்கிறார் என்று செல்வி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

புதுக் காபியை நிதானமாகக் குடித்தாள். கிளம்பும்போது கை சும்மா இருக்கவில்லை. எல்லாருடைய கோப்பைகளையும் அடுக்கி, மேசையையும் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள். வசந்தி அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

மாலை எனக்கு ஆக்ரா ரயில். வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது செல்வி மகளைக் கைபேசியில் அழைத்தாள்.

"பாப்பா, ஞாயித்துக்கெழம எனக்கு நீ சொல்ல வேணாம். நானே கேட்டுக்கிறேன்."

மறுமுனையில் மகள் ஏதோ படபடவென்று பேசினாள். செல்வி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, அன்று கற்ற அதே குரலில், "ப்ளீஸ்" என்றாள்.