சவர நேரத்துக் கனவுகள்

அலெக்ஸாந்திரியாவில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்டடத்தில் ஷவ்கியைப் போலப் பேசத் தெரிந்தவர் யாருமில்லை. கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் அவர் தலைமை சர்வர். வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பார். இன்றைக்கு எந்த மீன் நன்றாக இருக்கிறது என்று ரகசியம் போலக் காதில் சொல்வார். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. அவர் மனைவி இன்ஸாஃப் ஒரு வார்த்தை பேசத் தொடங்குவதற்குள் அவர் இரண்டு கதை சொல்லி முடித்திருப்பார்.

இன்ஸாஃப் கனவு காண்கிறவள். எல்லாரும்தான் காண்கிறோம், விடிந்ததும் மறந்துவிடுகிறோம். அவளுக்கு மட்டும் இரவில் கண்டது நிறத்தோடும் வாசனையோடும் காலையில் அப்படியே நிற்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அதைச் சொல்லப் போனாள். "கனவா? இரு இரு, நேத்து ஹோட்டல்ல என்ன கூத்து நடந்துச்சு தெரியுமா?" என்று அவர் ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் சொல்ல முயன்றதில்லை. நான் கீழ்வீட்டுக்காரி. முலூகியா கீரை ஆய்ந்தபடியே அவள் என்னிடம் சொன்ன விஷயங்கள் இவை.

போன குளிர்காலத்தின் முதல் புயல் அடித்த வாரத்தில் ஷவ்கிக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது கை நனைந்த துணி மாதிரித் தொங்கிப்போயிற்று. "நாக்கை மட்டும் தொடாம போயிடுச்சே!" என்று பார்க்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

முகத்தில் முள் முள்ளாக முடியோடு அவரை ஒருநாளும் யாரும் பார்த்ததில்லை. இப்போது அந்த வேலை இன்ஸாஃபின் தலையில் விழுந்தது. வீட்டில் இருந்தது, மகன் ஹாஸிம் குவைத்திலிருந்து அனுப்பும் பிளாஸ்டிக் ரேசர். ஒரே தலையில் ஐந்து பிளேடு. தினமும் மழிக்கும்போது அது சரியாகத்தான் இருந்தது. படுக்கையில் கிடப்பவருக்கு நாலு நாளைக்கு ஒருமுறைதான் முடிந்தது. அதற்குள் சுருட்டை முடி அடர்ந்துவிடும், பிளேடுகளுக்கு இடையே சிக்கி அடைத்துக்கொள்ளும், இழுக்கும்.

"இது சவரமா? இல்ல, கோழிக்கு இறகு பிடுங்குறியா?" என்று அவர் கத்துவார்.

கழுத்து முழுக்கச் சிவப்புக் கொப்புளங்கள். அவற்றைப் பார்த்த மருந்துக்கடை மக்ரம், "இந்த முடிக்கு இத்தனை பிளேடு ஆகாதும்மா. முடிய இழுத்துத் தோலுக்குக் கீழ வெட்டிடுது. அது உள்ளேயே சுருண்டு வளருது. ஒத்தை பிளேடு போடுற செட்டுக்கு மாறிடுங்க" என்று சொல்லி, கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முழுக்க உலோகம். பிடியைத் திருகினால் தலை கழன்று வரும். நடுவில் மெல்லிய பிளேடை வைத்துத் திரும்பத் திருக வேண்டும். கையில் வைத்தால் நல்ல கனம்.

அதைப் பார்த்ததும் ஷவ்கி தலையணையில் சாய்ந்தபடியே பின்வாங்கினார்.

"இன்ஸாஃப், நமக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். அந்த முப்பது வருஷக் கோபத்தையும் பிளேடோட கையில எடுத்துட்டு வந்திருக்கியா?"

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வராம இருந்தேனே, அது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"நல்லாவே இருக்கு."

"அப்ப வேண்டாம்."

அவளுக்கும் பயம்தான். என் சமையலறைக்கு வந்து ஒரு பலூனை ஊதினாள். சோப்பு நுரையைத் தடவி அதற்குச் சவரம் செய்தாள். முதல் பலூன் வெடித்ததில் நுரை கூரைவரை போயிற்று. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அடுத்ததில் அவள் கை மெதுவாகப் போனது. "அழுத்தவே கூடாது போல. அதோட கனமே போதும்" என்றாள். பலூன் வெடிக்கவில்லை.

மறுநாள் காற்று அடங்கியிருந்தது. கடலிலிருந்து வந்த சாம்பல் நிற வெளிச்சம் அறை முழுக்கப் பால் போலப் பரவியிருந்தது. வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டுவைத்தாள். பிரஷ்ஷால் நுரை கட்டினாள்.

"ஆடாம இருக்கணும். வாயைத் திறந்தீங்கன்னா உதடு போயிடும்."

ஷவ்கி பலகை மாதிரி விறைத்துப்போனார். கண்கள் மட்டும் அவள் கையோடு போய்வந்தன. அந்தக் கை நடுங்கியது. நடுக்கம் நிற்கட்டும் என்றுதான் அவள் பேசத் தொடங்கினாள். என்ன பேசுவது? நாவில் வந்தது, முந்தின இரவின் கனவு.

"நேத்து ராத்திரி நம்ம டிராம் கடலுக்குள்ள இறங்கிடுச்சு," என்றாள். "யாரும் பதறல. தண்ணிதான், ஆனா நனையல. இளம்பச்சை நிறத்துல ஒரு வெளிச்சம். கண்டக்டர் மீனுங்களுக்கு டிக்கெட் கிழிச்சுக் கொடுத்துட்டு வர்றார். ஒவ்வொரு ஸ்டாப்லயும் பொம்பளைங்க தலையில ரொட்டித் தட்டோட நிக்கறாங்க; ரொட்டியிலேர்ந்து ஆவி மேல போகுது, அந்த ஆவிதான் மேல போய் மேகமாகுது. அப்புறம் எங்கம்மா வீட்டு ஜன்னல் வந்துச்சு. விளக்கு எரியுது. நான் மணியை இழுத்தேன். டிராம் நிக்கல. 'அடுத்த தடவை பாத்துக்கலாம் அம்மணி'ன்னு கண்டக்டர் சொல்லிட்டார்."

மணலைப் பெருக்குவது போல, பிளேடு சர், சர் என்று கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கை எப்போது நடுக்கத்தை விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. காதோரம் ஒரு சின்னக் கீறல்; படிகாரத்தை வைத்ததும் ரத்தம் நின்றது.

துண்டால் துடைத்ததும் ஷவ்கி கேட்டார், "அப்புறம்?"

"என்ன அப்புறம்?"

"டிராம். எங்க போச்சு?"

"முழிச்சுட்டேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருக்கலாம்ல!"

அதிலிருந்து தினமும் சவரம் வேண்டும் என்றார். கொப்புளங்கள் மெல்ல அமுங்கின. ஒரு காலை அவள் சொல்லும் கனவில் மொட்டைமாடியில் காயப்போட்ட போர்வைகள் பறந்து கப்பல்களுக்குப் பாயாகும்; இன்னொரு காலையில் கடைத்தெரு முழுக்க மாதுளம்பழங்கள் தூங்குகிறவர்களின் குரலில் முணுமுணுக்கும். அவள் இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, சின்னச் சின்ன இழுப்பாக, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவாள். எங்கே முடி எந்தப் பக்கம் படிகிறது, எங்கே தாடை எலும்பு மேடேறுகிறது எல்லாம் அவள் விரலுக்குப் பழகியது. பேசாத ஷவ்கியின் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது என்றாள். பிடித்திருந்தது என்றும் சொன்னாள்.

ஒருநாள் கனவு எதுவும் இல்லை. அன்று அவள் தங்கையின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். ஹோட்டலில் கூட்டம் என்று அவர் வராமல் இருந்துவிட்டது; எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போட்டோவுக்கு நின்றபோது, தான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. கோபமில்லாமல், இன்னொரு கனவைச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். பிளேடு தொண்டையருகே இருந்தது. அவர் கண்ணோரத்திலிருந்து ஒரு துளி இறங்கி நுரையில் மெல்லிய பாதை போட்டது.

"என்ன?" என்று அவள் கையை எடுத்தாள்.

"சோப்பு," என்றார்.

வெயில் காலம் தொடங்கும்போது கைக்கு உயிர் வந்தது. ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி, பிறகு டீ டம்ளர், பிறகு ஸ்பூன். சவரத்தைத் தானே செய்துகொண்டால் விரல்களுக்கு நல்ல பயிற்சி என்றார் டாக்டர். ஷவ்கி ஒத்தை பிளேடு செட்டைக் கையில் எடுத்தார். இரண்டு மூன்று இடத்தில் கிழித்துக்கொண்டார், அப்புறம் பழகிவிட்டது. இன்ஸாஃப் சமையலறைக்குப் போய்விட்டாள். காலை உணவுக்கு ஃபூல் பயற்றை மசித்து எண்ணெய் ஊற்றும்போது அவர் வந்து உட்கார்ந்து பழையபடி பேசினார். ஹோட்டல் கதை, டாக்டர் கதை. அவள் தலையாட்டினாள். அந்த நாட்களில் என்னிடம், "விடிஞ்சதும் வாயில ஏதோ நிறைய இருக்கற மாதிரி இருக்கு. துப்பவும் இடமில்ல, முழுங்கவும் முடியல" என்றாள்.

அப்படி ஒரு வாரம் போயிருக்கும். ஷவ்கி பாதி முகத்தில் நுரையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்ஸாஃப், வா."

"எதுக்கு? கைதான் வந்துடுச்சே."

"கை வந்துடுச்சு. காது சும்மா கிடக்கு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் மழித்தார். அவள் சொன்னாள். அன்றைக்கு ஃபூல் ஆறிப்போனது.

இப்போது அவர் வாரத்தில் சில மத்தியானங்கள் ஹோட்டலுக்குப் போய்வருகிறார். போன வெள்ளிக்கிழமை காலையில், நுரையைக் கழுவிவிட்டு, "நானும் ஒரு கனவு கண்டேன்" என்றாராம்.

"நீங்களா?"

"கடல்ல, அலை மேலயே மேஜை போட்டிருக்கேன். வெள்ளை விரிப்பு. காத்தடிக்குது, ஆனா விரிப்பு பறக்கல. நீ ஒருத்திதான் வந்திருக்க. நான் ஒவ்வொரு மீன் தட்டாக் கொண்டு வர்றேன், நீ எல்லாத்தையும் வேண்டாம்ங்கற."

"அப்புறம்?"

அவர் துண்டைத் தோளில் போட்டபடி கொஞ்சம் யோசித்தார். "அப்புறம்... அதுக்கு மேல எனக்கு இட்டுக்கட்ட வரல."

"பொய்தானே?"

"பொய்தான்."

"எனக்கு ஒரு மீனாவது பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல!" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு, கீழ்வீட்டில் இருந்த எனக்குக் கேட்டது.