நல்ல தண்ணி

2005-ஆம் வருட மழைக்காலம். ஊர் ஊராகச் சுற்றிக் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்த நான், மரக்காணத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் வாந்திபேதி. கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் குழு வந்திருந்தது.

நோயாளிகளிடமிருந்தும், அங்கிருந்த குட்டை, கிணறு, டேங்கிலிருந்தும் மாதிரி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். கிருமிகளின் மரபணுவில் ஒரு துண்டு எழுத்து வரிசையாகத் திரும்பி வந்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒப்பிடக் கற்றுத்தர லாட்ஜ் ஹாலில் வகுப்பு வைத்தார்கள். எட்டாவதோடு பள்ளியை விட்ட நானும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. ஒரு வரிசைக்குக் கீழே இன்னொன்றை வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் இருந்த திண்டிவனத்து மாணவி பொறுமையாகக் காட்டித்தந்தாள்.

அவள் திரையில் ஒரு தண்ணீர் மாதிரியின் கிருமி, நோயாளிகளின் கிருமியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. பாடம் நடத்திய அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"இது சுத்தமான தண்ணிம்மா. ஒப்பிட்டுப் பாக்க வெச்சது. இதுல கிருமி இருந்தா லேப்ல கலந்துட்டாங்கன்னு அர்த்தம். எடுத்துடு."

திரையில் ‘குட் வாட்டர்’ என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புட்டியில் ‘நல்ல தண்ணி’ என்றுதான் எழுதி அனுப்பியிருந்தோம். உப்பு மண்ணில் இருப்பவர்களுக்கு, கரிக்காத தண்ணீர் எல்லாமே நல்ல தண்ணிதான். லாரி கொண்டுவந்து டேங்கில் நிரப்புவது. சென்னையில் யாரோ அதை அப்படியே இங்கிலீஷாக்கிவிட்டார்கள்.

மாணவியிடம் சொன்னேன். அவள் அதை அதிகாரியிடம் எடுத்துச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. டேங்கை மூடச் சொல்ல உடனே போனை எடுப்பார் என்று நினைத்தேன். மறுபடி சோதித்து மேலே அறிக்கை போன பிறகு பார்க்கலாம், அதுவரை வெளியே பேச வேண்டாம் என்றார்.

"அதுவரைக்கும் அவங்க என்னத்த சார் குடிப்பாங்க?"

"நீ வண்டியப் பாருப்பா."

வண்டியைத்தான் பார்த்தேன். நேராக டேங்குக்கு ஓட்டிப்போய், குழாயடியில் நின்ற பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்பா, எங்க கைதான் அழுக்குன்னு போன வாரம் பாடம் எடுத்தீங்க. நீங்க மட்டும் பாட்டில் தண்ணி குடிச்சீங்க. இப்ப தண்ணியிலதான் கிருமின்றியா?"

நிரம்பிய குடத்தை மணலில் கவிழ்த்துவிட்டுக் குழாயை இறுக மூடினாள்.

மறுநாள் எனக்கு வேலை போயிற்று. அது பெரிய விஷயமில்லை, வேறு வேலை கிடைத்தது. ஆனால் கிருமியின் நாலு எழுத்தைப் படிக்க அத்தனை அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள், படித்ததைக் குழாயடியில் நிற்பவளிடம் போய்ச் சொல்ல விடவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.