பஞ்சுருட்டான் கலைந்தபோது

ஜெலிப்பாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை லுவாங்வா ஆற்றங்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தவளை தாவினாலும் குடத்தைப் போட்டுவிடுவாள். அவள் அம்மாவைக் காட்டெருமை குத்தியது அவள் கண் முன்னாலேயே. பயம் வராமல் என்ன செய்யும்? அவள் புருஷன் யொத்தாமுவுக்கோ அது கேலி. பக்கத்து வீட்டுக்காரி நான், எல்லாம் காதில் விழும்.

புல் அறுக்கப் போனால் அவள் கண் பஞ்சுருட்டான் குருவிமேல்தான். உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு, தலை பச்சை கலந்த நீலம், கண்ணில் மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. ஆற்றுச் சரிவில் பொந்து பொந்தாகக் குடியிருக்கும். தேனீயைப் பறக்கையிலேயே பிடித்துக் கிளையில் அடித்துத் தின்னும். ஆளுயரப் புல்லில் கனத்த கால் நடந்தால் வெட்டுக்கிளி கிளம்புமே, அதற்காக அந்தக் காலுக்கு மேலேயே கூடப் பறக்கும். ஆனையோ ஆளோ, அதற்கு ஒன்றுதான்.

அன்று நாங்கள் கரையான் மேட்டில் நின்று கட்டு கட்டினோம். யொத்தாமு மரத்தில் நார் உரிக்கப் புல்லுக்குள் போனான். அவன் தலைக்கு மேல் சிவப்பாக ஒரு கூட்டம். எதிரே இன்னொரு கூட்டம், அவனை நோக்கி.

"மலீத்தா அப்பா," மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள் ஜெலிப்பா. "எதுக்க ஏதோ வருது. திரும்பி வாங்க."

"குருவிக்குமாடி பயப்படுவ?"

எதிர்க்கூட்டம் கலைந்து வேறொரு மரத்தில் போய் உட்கார்ந்தது. எனக்கு உயிர் வந்தது. "போயிடுச்சுடி," என்றேன்.

"போகலக்கா. நின்னுடுச்சு. கால் நின்னா வெட்டுக்கிளி கிளம்பாது, குருவி உக்காந்துடும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் நின்னு காத்திருந்துச்சு."

சத்தம் போட்டால் எருமை எங்கள் பக்கம் திரும்பும். தெரிந்தும் தண்ணீர் கொண்டுவந்த தகர டின்னை அரிவாளால் அடித்தாள். "மரத்துல ஏறு, ஏறுடா." புருஷனை டா போட்டாள். அதில் மிரண்டுதான் யொத்தாமு ஏறினான். அவன் கால் எடுத்த இடத்தில் கொம்பு மோதியது.

பிறகு அந்தச் சிவப்புக் கூட்டம் எங்கள் மேட்டை நோக்கி மெல்ல வந்தது. மேட்டடியில் எருமை மூச்சு விடுவது கேட்டது. எனக்குத் துணியிலேயே போய்விட்டது, சொல்ல என்ன வெட்கம். ஜெலிப்பா பறவையைப் பார்த்தபடி நின்றாள். ரொம்ப நேரம் கழித்துக் கூட்டம் ஆற்றுப் பக்கம் நகர்ந்தது.

"ஜெலிப்பா, இறங்கலாமா?" மரத்திலிருந்து சின்னக் குரல்.

"இல்ல."

"இப்ப?"

கூட்டம் தூரத்துப் புல்லுக்கு மேல் புள்ளியானது. "இறங்குங்க."

இறங்கியவன் நேரே ஜெலிப்பாவிடம் வந்தான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"பறவை எங்க இருக்கு?" என்றான். கேலி இல்லை.

"பின்னாடி இல்ல. நடங்க."

வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். அவளும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.